சாமி சேவலுக்கு யார் ஊசி போடுவது

போன மாதம் ஒரு இளம் கால்நடை மருத்துவர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு முட்டைப் பெட்டி. பெட்டியின் மேல் பச்சைப் புல், நீல வானம், நடுவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு கோழி. கூண்டில் அடைக்காமல் சுதந்திரமாக மேய்ந்த கோழிகளின் முட்டை என்று அச்சடித்திருந்தார்கள். விவசாயிகளுக்கு அதைப் பற்றிப் பயிற்சி வகுப்பு நடத்தப்போகிறாராம். "அந்தக் காலத்துல எல்லாக் கோழியும் இப்படித்தானே சார் இருந்துச்சு? நீங்க வந்து ஒரு அரைமணி நேரம் பேசுங்க" என்றார்.

சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது, கோழியைக் கொட்டகை கட்டி வளர்க்கச் சொல்லி வீடு வீடாகப் போய்க் கெஞ்சினோம். கொஞ்ச வருஷம் கழித்து, கொட்டகை வேண்டாம், கம்பிக் கூண்டில் போடு என்றோம். கூண்டு போட்டவர்களை மேடையில் ஏற்றிப் பாராட்டினோம். இப்போது கூண்டைப் பிரி என்கிறோம். பிரிக்கட்டும், எனக்கும் சந்தோஷம்தான். இறக்கையை விரிக்க இடமில்லாமல் ஒரு கோழி ஆயுசு முழுக்க நிற்பதைப் பார்த்தால் எனக்கே மூச்சு முட்டும். ஆனால் இஷ்டத்துக்குத் திரியும் கோழி என்றால் என்னவென்று அந்தப் பெட்டியில் படம் வரைந்தவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எழுபதுகளில் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அப்படிப்பட்ட கோழிகளோடு நான் பட்ட பாட்டை அரைமணி நேரத்தில் சொல்ல முடியாது. அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

சின்னக்கானல் மலையில், எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன் நான். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் தேயிலைக் காட்டில் வேலை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் கால்நடைத் துறையில் பயிற்சிக்கு எடுத்தார்கள். அங்கே படித்ததில் பாதி மறந்துவிட்டது, மீதிப் பாதி பயன்படவில்லை. கோழியின் எலும்புகளுக்கெல்லாம் பெயர் சொல்லிக்கொடுத்தார்கள். கோழி வளர்ப்பவர்களோடு எப்படிப் பேசுவது என்று ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மலைக்குளிரில் வளர்ந்தவனைத் தூக்கிக் கிழக்குப் பாலக்காட்டு வெயிலில் போட்டார்கள். நான் அங்கிட்டு, இங்கிட்டு என்று பேசினால் ஊர்க்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர்கள் வீட்டை ஊடு என்றால் நான் சிரிப்பேன். எனக்கு அவர்கள் வைத்த பெயர் கோழி சாரு.

எங்கள் மருந்தகத்தின் டாக்டர், கோட்டயம் பக்கத்து மலையாளி. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. இரண்டே வார்த்தைகளில் நிர்வாகம் நடத்தினார். ஒன்று ஆவட்டே, அதாவது சரி, அப்படியே செய். இன்னொன்று நோக்காம், அதாவது பார்ப்போம். இந்த இரண்டில் எது வந்தாலும் அன்றைக்கு எனக்கு இடுப்பு ஒடியும்.

கோழிக் கொட்டகைக்குப் போனால் அவர் உடனே உள்ளே நுழைய மாட்டார். கதவோரம் அசையாமல் நிற்பார். ஆளைக் கண்டு மிரண்ட கோழிகள் அடங்கித் திரும்பவும் தம் வேலையைப் பார்க்கும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அப்புறம் தரையில் பரப்பியிருக்கும் கடலைத்தோலில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையை விரிப்பார். பொலபொலவென்று உதிர்ந்தால் நல்லது. உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், கிளறிவிட்டுச் சுண்ணாம்பு தூவ வேண்டும். கடைசியாகக் கொட்டகையின் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையைக் கோழியின் உயரத்துக்குத் தாழ்த்தி மூச்சை இழுப்பார். நிற்கிறவனுக்குத் தெரியாத நெடி அங்கே தெரியும். "எடோ, நம்ம மூக்கு மேலே இருக்கு. கோழிக்கு மூக்கு கீழே" என்பார். என்னையும் உட்காரச் சொல்வார். தினம் தினம் கோழி எச்சத்தின் மேல் குந்தி மூச்சுப் பயிற்சி செய்தவன் இந்தத் துறையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தெய்வாத்தாளின் கொட்டகையில்தான் அதிகம் உட்கார்ந்தோம். அரசாங்கத் திட்டத்தில் வெள்ளை லெகார்ன் குஞ்சுகள் வாங்கி முட்டைக்கோழி வளர்க்க எங்கள் வட்டாரத்தில் முதலில் முன்வந்தவர் அவர்தான். முப்பது வயதிருக்கும். கணவர் வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகர், பாதி நாள் வீட்டிலேயே இருக்க மாட்டார். மாமனார் மாரப்பக் கவுண்டருக்குக் கோழிப்பண்ணை என்ற சொல்லே பிடிக்காது. எருமை கட்டியிருந்த கொட்டகையை மருமகள் கேட்டு வாங்கி, எருமைகளை மரத்தடிக்கு அனுப்பிவிட்டாரே என்ற ஆத்திரம் வேறு. அதே கொட்டகையில் இன்னும் கொஞ்சம் குஞ்சுகளை நெருக்கி விட்டால் என்ன என்று தெய்வாத்தாள் டாக்டரைக் கேட்டுப் பார்த்தார். "இத்தர மதி, இவ்வளவு போதும். கோழி உக்காரணும், எந்திரிக்கணும், றெக்கை விரிக்கணும்" என்று டாக்டர் முடித்துவிட்டார்.

அந்தக் குஞ்சுகளுக்கு எமன் வெள்ளைக்கழிச்சல். வந்தால் கொட்டகையையே வழித்துக்கொண்டு போய்விடும். தடுப்பு மருந்து இரண்டு உண்டு. பிறந்த சில நாளில் மூக்கில் விடும் சொட்டு. அது கொஞ்ச காலம்தான் காப்பாற்றும். ஓரளவு வளர்ந்ததும் இறக்கைக்கு அடியில் போடும் ஊசி. அது நீண்ட நாள் தாங்கும். சொட்டின் பலம் குறைந்து ஊசிக்கான பருவம் வருவதற்குள் ஒரு இடைவெளி இருக்கிறதே, அப்போது நோயைக் கொட்டகைக்குள் விடாமல் காவல் காக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, ஊரிலுள்ள மற்ற கோழிகள் அத்தனைக்கும் ஊசி போட்டுவிடுவது.

போட்டேன். பொள்ளாச்சி பஸ்ஸில் ஐஸ் வரவழைத்து, உமியில் பொதிந்து, மருந்துக் குப்பியைத் தெர்மாஸில் வைத்துக்கொண்டு, கோழிகளைத் திறந்து விடுவதற்கு முன்பே ஊருக்குள் போய்விடுவேன். கரைத்த மருந்தில் வெயில் பட்டால் அது வெறும் தண்ணீர், அதனால் ஓட்டமும் நடையும்தான். ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்வி: எல்லாக் கோழியையும் கொண்டு வந்துவிட்டீர்களா? எல்லா வாசலிலும் ஒரே பதில்: ஆமாங்க சார். தெய்வாத்தாளின் கொட்டகைக்குக் கம்பிவலை அடித்து, வாசலில் கால் நனைக்க மருந்துத் தண்ணீர் வைத்து, வெளியாள் யாரும் உள்ளே போகக் கூடாது என்றும் சொல்லிவைத்தேன். ஈ கூட நுழைய முடியாது என்று டாக்டரிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

அந்தக் குஞ்சுகள் அத்தனையும் செத்தன. முதலில் சில குஞ்சுகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நின்றன. பிறகு பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன. கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன. தெய்வாத்தாள் கூடையில் அள்ளி அள்ளிக் குழியில் கொட்டினார்.

டாக்டர் வந்தார். வாழை இலை ஒன்றை விரித்து ஒரு குஞ்சை அறுத்தார். வளர்த்தவர்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது அவர் வழக்கம். தெய்வாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நின்றார். இரைப்பையைப் பிளந்து, உள்ளே குண்டூசி முனை அளவில் இருந்த ரத்தப் புள்ளிகளை டாக்டர் கத்தி நுனியால் காட்டினார். "கழிச்சல்தன்னே. எங்கேயிருந்து வந்தது?" என்று என்னைப் பார்த்தார். 

அந்த நேரம் பார்த்து ஒரு செங்கறுப்புச் சேவல் எங்களைக் கடந்து போனது. திறந்திருந்த கதவு வழியாகக் கொட்டகைக்குள் போய், சாவகாசமாகத் தண்ணீர் குடித்தது. சிந்திக்கிடந்த தீவனத்தைக் கொத்தியது. யாரும் சூ என்று கூடச் சொல்லவில்லை. மாரப்பக் கவுண்டர் அதற்கு ஒதுங்கி வழி விட்டார்! நான் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன்.

"ஐயோ, தம்பி! அதும்மேல குச்சி படக்கூடாதுங்க! அது சாமிதுங்க!" என்று கத்தினார் கவுண்டர்.

வீட்டில் மாட்டுக்கோ பிள்ளைக்கோ உடம்புக்கு முடியாமல் போனால் முனியப்பனுக்கு ஒரு சேவலை நேர்ந்துகொள்வார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்து ஊரைச் சுற்ற விட்டுவிடுவார்கள். அதன் பிறகு அதை அடைக்கக் கூடாது, விரட்டக் கூடாது. எந்த வாசலிலும் தின்னலாம், எந்தக் கொட்டகையிலும் நுழையலாம். சித்திரையில் கோயில் திருவிழா, அதாவது நோம்பி, வந்தால்தான் அதைப் பிடித்துப் பலி கொடுப்பார்கள். ஊரில் இப்படி எத்தனை சேவல்கள் திரிந்தன என்று அன்றைக்குத்தான் கேட்டேன். வீட்டுக்கு ஒன்று தேறும் என்றார்கள்.

"இதுகளுக்கு ஊசி போட்டாச்சா?" என்றேன்.

"அதுக்கு எதுக்குங் தம்பி ஊசி?"

"வாசல் வாசலா நின்னு கேட்டேனே ஐயா, எல்லாக் கோழியையும் கொண்டாந்தாச்சான்னு. ஆமான்னு சொன்னீங்கள்ல?"

"எங்க கோழியெல்லாம் கொண்டாந்தமுங்களே. இது எங்க கோழிங்களா? சாமி கோழிங்க."

"அத ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கலீங்களே."

எனக்கு வந்த கோபத்தில் தெர்மாஸைத் தூக்கி எறிந்திருப்பேன். அது அரசாங்கத் தெர்மாஸ். டாக்டர் கைகளைச் சோப்புப் போட்டு ஒருமுறை கழுவினார், மறுபடியும் கழுவினார். "பெரிய நாட்டுச் சேவல் சுலபத்தில் சாகாது. நோவைச் சுமந்து நடக்கும்" என்று மட்டும் சொன்னார். வாசல் வாசலாக, சுதந்திரமாக.

அடுத்த தையில் தெய்வாத்தாளுக்கு மறுபடியும் குஞ்சுகள் வந்தன. இந்த முறை கவுண்டர் என் முன்னாலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "இதும் போச்சுன்னா மறுநாளே கொட்டாயில எருமையக் கட்டிப்போடுவனுங். அப்பறம் கோழிங்கற பேச்சே இந்த ஊட்ல வரக்கூடாது."

தெய்வாத்தாள் என்னை வழியனுப்ப வாசல் வரை வந்தபோது, "ஏனுங்க சார், காட்டு வேலைக்குப் போனா அவிய சொன்ன வேலை. ஊட்டு வேலையும் அவிய சொன்னதுதான். நானா நெனச்சு, நானா பண்றது இது ஒண்ணுதானுங்க. அந்தச் சேவலுகளுக்கு எப்படியாச்சும் மருந்து போட்டுருங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. மூக்கு நுனி வரை வந்திருந்த என் கோபம் அப்படியே நின்றுவிட்டது.

ஊரில் பேசிப் பார்த்தேன். ஊசி குத்தினால் சேவல் மூளியாகிவிடும், குறையுள்ளதைச் சாமிக்குக் கொடுக்க முடியாது என்றார்கள். இறக்கைக்கு அடியில் குத்துவது வெளியே தெரியாதே என்றேன். சாமிக்குத் தெரியுமே என்றார்கள். கம்பிக்கூட்டில் கொஞ்ச நாள் அடைக்கலாமா? சாமி சேவலை அடைப்பதா! கடைசியில் பூசாரி ஒரு வழி சொன்னார். முனியப்பனிடமே பூ கேட்டுவிடலாம். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை இன்னொரு இலையிலும் மடித்து, குலுக்கிச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. தடுப்பூசித் திட்டத்தின் எந்தச் சுற்றறிக்கையிலும் இப்படி ஒரு கட்டம் இல்லை. இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். ஊரே நின்றது. தெய்வாத்தாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பூசாரி இலையைப் பிரித்தார். செவ்வரளி.

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கலைந்துவிட்டார்கள். கவுண்டர் முகத்தில் எருமை தெரிந்தது. ஒரே காரியத்துக்கு அந்த வருஷம் இரண்டாம் முறை பூ கேட்கக் கூடாதாம். நான் மருந்தகத்துக்குப் போய் டாக்டரிடம் கொட்டித் தீர்த்தேன். இந்த ஊரில் எனக்கு வேலை வேண்டாம், மலைக்கே மாற்றிவிடுங்கள், அட்டைக்கடி பட்டாலும் பரவாயில்லை என்று என்னென்னவோ பேசினேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாமிகிட்டே என்ன கேட்டாங்க?"

"ஊசி போடலாமான்னு கேட்டாங்க சார்."

"எப்போழாணு உத்ஸவம்?"

"நோம்பியா? சித்திரையில சார்."

"நோக்காம்" என்று எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

நேராகப் பூசாரி வீட்டுக்குப் போனோம். அங்கே டாக்டர் பேசியதுதான் அவர் எங்களோடு இருந்த காலத்தில் பேசிய மிக நீண்ட பேச்சு. சாமி ஊசி வேண்டாம் என்றது, சரி. ஊசி வேண்டாம். மூக்கில் ஒரு சொட்டு விடலாமா? தோலில் குத்தாது, காயம் இல்லை, தழும்பு இல்லை. பூசாரி வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். "சொட்டு உடறதுல என்னங்க தப்பு? தீர்த்தம் தெளிக்கற மாதிரித்தானுங்களே" என்றார்.

வெளியே வந்ததும் நான் விடவில்லை. சொட்டு மருந்து குஞ்சுகளுக்கானது, பெரிய சேவலுக்குப் போட்டால் ரொம்ப நாள் தாங்காது என்று நீங்களே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறீர்களே சார் என்றேன்.

"ரொம்ப நாள் எதுக்கெடோ?" என்றார். "சித்திரை வரை தாங்கினா மதி. அது கழிஞ்சா சேவல் எங்கே?"

நான் ஐஸுக்குச் சொல்லிவிடப் பொள்ளாச்சி பஸ்ஸைத் தேடிப் போனேன்.

சாமி சேவல்களுக்குச் சொட்டு விடுகிற வேலை என் தலையில் விழுந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பொழுது சாயும்போது அவை புளியமரத்தில் ஏறி அடையும். நேர்ந்துவிட்டவர்களே மரத்தடிக்கு வந்து தங்கள் சேவலை இறக்கிப் பிடித்துக் கொடுக்க வேண்டும், வேறு யாரும் பிடிக்கக் கூடாது. மாரப்பக் கவுண்டர் கோவணத்தை இறுக்கிக்கொண்டு அந்த வயதில் மரமேறினார். முனகிக்கொண்டேதான் ஏறினார், ஆனால் ஏறினார். நான் கீழே நின்று ஒவ்வொரு சேவலின் ஒரு பக்க மூக்குத் துவாரத்தை விரலால் பொத்தி, மறுபக்கத்தில் ஒரு சொட்டு விட்டு, அது உறிஞ்சி இழுக்கும் வரை காத்திருப்பேன். இழுக்கும் முன் தலையை உதறினால் மருந்து வீண், இன்னொரு சொட்டு. அவை உதறின. கொத்தின. என் சட்டையில் எச்சமிட்டன. ஊசி போட்ட சாதாரணக் கோழி ஒன்று கூட என்னை அப்படி அவமானப்படுத்தியதில்லை.

அந்த மாசியும் பங்குனியும் நான் சரியாகத் தூங்கவில்லை. பக்கத்து ஊர்களில் கழிச்சல் வந்தது. தெய்வாத்தாள் தினமும் கொட்டகைக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மோந்து பார்ப்பார், டாக்டரிடம் கற்றுக்கொண்ட வித்தை. ஒரு நாள் காலையில் சில குஞ்சுகள் சோர்ந்து நிற்பதைப் பார்த்து எனக்கு ஆள் அனுப்பினார். விழுந்தடித்துக்கொண்டு சைக்கிளில் போனேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாக்குப்படுதாவைப் பிய்த்துக்கொண்டு இரவெல்லாம் உள்ளே அடித்திருக்கிறது. வெறும் குளிர்தான். படுதாவைக் கட்டியதும் தெளிந்துவிட்டன. தெய்வாத்தாள் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார். ஊசி போடும் பருவம் வந்ததும் முதல் வேலையாக அந்தக் குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் நானே ஊசி போட்டேன். சித்திரை வந்தது. கோயிலில் பலி கூடாது என்று சட்டம் இருந்தது. ஆகவே கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அறுத்தார்கள். டாக்டர் அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டார். ஊரிலேயே அதிகக் கவனிப்போடு வாழ்ந்த கோழிகளின் கதை அப்படி முடிந்தது. எருமைகள் மரத்தடியிலேயே இருந்தன.

அந்த இளம் டாக்டரிடம் அன்றைக்கு வாயால் சொன்னது கொஞ்சம்தான். சுதந்திரமாக மேயவிடுங்கள், ரொம்ப நல்லது. ஆனால் அப்படி மேயும் கோழிக்கு யார், எப்போது மருந்து போடுவது என்று முதலில் கேளுங்கள் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார். எனக்கு நம்பிக்கையில்லை. ஏனென்றால் என்ன கேட்க வேண்டும் என்று நானே கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை.

ஆடி மாதம் தெய்வாத்தாளின் கோழிகள் முட்டையிடத் தொடங்கியிருந்தன. அதைப் பார்க்க டாக்டரும் நானும் போனோம். தெருமுனையில் திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டேன். வெள்ளை வெளேரென்று ஒரு கூட்டம் இளம் லெகார்ன் சேவல்கள், உடம்பெல்லாம் மஞ்சள் தண்ணீர்க் கறையோடு, வாசல் வாசலாக மேய்ந்துகொண்டிருந்தன. குஞ்சுகளோடு சேர்ந்து வந்த சேவல்கள்.

"என்னம்மா இது! நீங்களுமா?" என்று கத்தியேவிட்டேன். "நாய் படாத பாடு பட்டு இப்பத்தான் ஒரு கூட்டத்தத் தீத்தோம். அதுக்குள்ள இன்னொரு கூட்டமா?"

"குஞ்சு பொழச்சா அதுல இருக்கற சேவலையெல்லாம் உட்டர்றேன்னு முனியப்பனுக்கு நேந்திருந்தனுங்க சார்" என்றார் தெய்வாத்தாள். முகமெல்லாம் மலர்ச்சி. "நீங்க பயப்படாதீங்க. அதுகளுக்குத்தான் நீங்களே ஊசி போட்டுட்டீங்களே."

"ஊசி போட்டா மூளியாயிரும்னீங்களே! பூவெல்லாம் கேட்டீங்களே!"

"உட்டதுக்கு அப்பறம் குத்துனாத்தானுங்க மூளி. உடறதுக்கு முன்னால குத்துனது எங்க கோழியத்தானுங்களே? அந்தத் தழும்பும் இப்ப ஆறிப்போச்சுங்க. பூசாரியும் செரின்னுட்டாரு."

அதாவது ஊசியைப் போட்டுவிட்டு நேர்ந்துவிட்டால் போதும். பூ வேண்டாம், புளியமரம் வேண்டாம், கவுண்டர் கோவணத்தை இறுக்கிக்கொண்டு மரமேற வேண்டாம். சேவல்களை விடுவதற்கு முன்பே ஊர் முழுக்க இதைச் செய்திருக்கலாம். முதல் வருஷத்துக் குஞ்சுகளும் பிழைத்திருக்கும்.

டாக்டர் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"இத, இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா?" என்றேன். 

தெய்வாத்தாள் பாவம், உண்மையிலேயே வருத்தப்பட்டார். "நீங்க கேக்கலீங்களே சார்" என்றார்.